இணைப்பு மறுக்கப்பட்டால் ரூட் கடவுச்சொல்லைக் கொடுப்பது தீர்வல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மலையக நகரங்களில் ஒரே சேவையகத்தைப் பலர் கூட்டாகப் பயன்படுத்தும் வழக்கம் பெருகி வருகிறது. பாடசாலையின் மாணவர் பதிவேடு, பயிற்சி நிலையத்தின் வகுப்புக் கணக்குகள், கூட்டுறவுச் சங்கத்தின் கடன் பதிவுகள், தோட்ட மரண உதவிச் சங்கத்தின் சந்தா விவரம் ஆகியவை தனித்தனித் தரவுத்தளங்களாகவும், அதேவேளை ஒரே இயந்திரத்திலும் இருப்பதை, ஹட்டன் பகுதியில் கணினிப் பயிற்றுநராகப் பணிபுரியும் நான் அடிக்கடி காண்கிறேன். செலவைக் கருதினால் இது நல்ல ஏற்பாடே. ஆனால் ஒரு சாதாரண பயனருக்குத் தரவுத்தள இணைப்பு மறுக்கப்பட்டதும் நம்மவர்கள் கையாளும் முறை எனக்கு மிகுந்த கவலை தருகிறது. நிர்வாகிக்குரிய ரூட் கணக்கின் கடவுச்சொல்லை அவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். அல்லது எல்லாத் தரவுத்தளங்களிலும் எல்லா உரிமைகளையும் ஒரே கட்டளையில் அவருக்கு வழங்கிவிடுகிறார்கள். அதுவும் பலிக்காவிட்டால் கோப்புறைகளின் அனுமதியை 777 என மாற்றி, யார் வேண்டுமானாலும் படிக்கவும் எழுதவும் திறந்துவிடுகிறார்கள். இவற்றுள் எதுவும் கோளாறைக் கண்டறிவதில்லை என்பதையும், கண்டறியும் வழி அப்படியொன்றும் கடினமானதல்ல என்பதையும் தங்கள் பத்திரிகை வாயிலாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அந்தத் தரவுத்தளங்களில் இருப்பவை யாருடைய விவரங்கள் என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். தேசிய அடையாள அட்டை இலக்கம், ஊழியர் சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம், வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பிறந்த திகதி, லயக் குடியிருப்பின் இலக்கம் என்று ஒரு குடும்பத்தின் முழு விவரமும் அங்கே இருக்கிறது. ரூட் கடவுச்சொல் கையில் உள்ள ஒருவர் இவை அனைத்தையும் படிக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம். ஐந்து பேர் அதே கணக்கில் நுழைந்தால், எந்தப் பதிவை யார் மாற்றினார் என்று பின்னர் சேவையகப் பதிவுகளைப் பார்த்து அறியவும் முடியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் கையாளும் நிறுவனங்கள் அதன் இரகசியத்தன்மையைத் தகுந்த தொழில்நுட்ப, நிர்வாக ஏற்பாடுகளால் காக்க வேண்டும் என்கிறது. ஆனால் சட்டத்துக்கு அஞ்சி மட்டும் நான் இதை எழுதவில்லை. பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்ததால் சேமலாப நிதியைப் பெற அலைந்த தொழிலாளர்களை நம்மில் எவரும் அறிவோம். ஒரு பதிவில் தவறுதலாக நேரும் சிறு மாற்றமும் எத்தனை பெரிய துன்பமாக முடியும் என்பதை வேறு எவரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனிக் கோளாறுக்கு வருகிறேன். ஒரு பயனர் இணைய முடியவில்லை என்று முறையிட்டதும், நிர்வாகி தன் கணக்கில் நுழைந்து பார்த்து, “எனக்கு வேலை செய்கிறதே, சேவையகத்தில் பிழையில்லை” என்று கூறுவது வழக்கம். இந்தச் சோதனை பெரும்பாலும் எதையும் நிரூபிப்பதில்லை. லினக்ஸ் இயங்கும் சேவையகத்தில் ரூட் பயனருக்குக் கோப்புறை அனுமதிகள் தடையாக இருப்பதில்லை. அதற்கு மேலாக, உபுண்டு என்னும் லினக்ஸ் வகையில் நிறுவப்படும் மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளிலும், அதை ஒத்த மரியாடிபியின் 2019இல் வெளிவந்த 10.4 முதலான பதிப்புகளிலும், இயக்க முறைமையில் ரூட்டாக இருப்பவர் கடவுச்சொல்லே இல்லாமல் தரவுத்தளத்தின் ரூட் கணக்கில் நுழையும் வகையில் ஏற்பாடு உள்ளது. அதாவது, சாதாரண பயனர் கடக்க வேண்டிய தடைகளில் பல நிர்வாகியின் வழியில் இல்லவே இல்லை. ஆகவே சோதனையை அந்தப் பயனரின் கணக்கிலிருந்தே, அவர் பயன்படுத்தும் அதே கணினியிலிருந்தே, அதே கட்டளையைக் கொண்டே செய்ய வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று துணிந்து கூறுவேன்.

மறு பாதி, திரையில் தோன்றும் செய்தியை முழுமையாகப் படிப்பதாகும். “கனெக்ட் ஆகவில்லை” என்று பயனர் கூறுவதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய இயலாது. ஆனால் மைஎஸ்கியூஎல்லும் மரியாடிபியும் ஒவ்வொரு மறுப்புக்கும் ஓர் இலக்கம் தருகின்றன. பயனர் ஆங்கிலம் அறியாதவராக இருந்தாலும் அந்த இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வர முடியும்.

2002 என்ற இலக்கம் வந்தால், பயனர் தரவுத்தளச் சேவையின் வாசலையே இன்னும் எட்டவில்லை என்று பொருள். ஒரே இயந்திரத்துக்குள் நடக்கும் இணைப்பு, சொக்கெட் எனப்படும் ஒரு சிறப்புக் கோப்பின் வழியே செல்கிறது. அந்தச் செய்தியின் இறுதியில் அடைப்புக்குறிக்குள் இன்னுமோர் எண் இருக்கும். பெரும்பாலானோர் கவனிக்காமல் விடும் அந்தச் சிறிய எண்தான் காரணத்தைச் சொல்கிறது. அது 2 ஆக இருந்தால் சொக்கெட் கோப்பு அந்த இடத்தில் இல்லை: சேவை நின்றிருக்கலாம், அல்லது சேவை ஓரிடத்தில் கோப்பை உருவாக்க, பயனரின் மென்பொருள் வேறோரிடத்தில் தேடிக்கொண்டிருக்கலாம். 111 ஆக இருந்தால் கோப்பு இருக்கிறது, ஆனால் அதன் மறுமுனையில் கேட்பதற்கு எவரும் இல்லை. மின்சாரம் திடீரென அறுந்தபின் பழைய கோப்பு மட்டும் மிஞ்சி, சேவை எழாமல் இருக்கும்போது இப்படி நேரும். 13 ஆக இருந்தால் அதுவே நான் இங்கு முதன்மையாகப் பேச வந்த விடயம். கோப்பு இருந்து, சேவை இயங்கினாலும், அந்தக் கோப்பு இருக்கும் கோப்புறைக்குள் செல்லும் அனுமதி சாதாரண பயனருக்கு இல்லை. யாரோ ஒருவர் காப்புப் பிரதியை மீட்டெடுக்கும்போது தரவுக் கோப்புறையின் அனுமதியை 700 என, உரிமையாளர் மட்டும் நுழையும்படி, இறுக்கியிருப்பார். சொக்கெட்டும் அதற்குள்ளேயே இருந்தால் ரூட் தவிர்ந்த பயனர்கள் அனைவரும் ஒரே வேளையில் வெளியே நிற்பார்கள். இதற்கு ரூட் கடவுச்சொல் எந்தப் பயனும் தராது. கோப்புறையின் வழியே கடந்து செல்லும் உரிமையை மற்றவர்களுக்கு மீண்டும் வழங்குவதோ, சொக்கெட்டைத் தரவுக் கோப்புறைக்கு வெளியே அமைப்பதோ போதும்.

மழைக்காலத்தில் மின்தடை வழமையாகிவிட்ட நம் பகுதிக்கு இதில் தனியாகக் கூற வேண்டிய ஒன்று உண்டு. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் சொக்கெட் இருக்கும் இடம் ‘ரன்’ என்னும் கோப்புறைக்குள் உள்ளது. அந்தக் கோப்புறை வன்தட்டில் இல்லை, நினைவகத்தில் இருக்கிறது. இயந்திரம் ஒவ்வொரு முறையும் எழும்போது அது வெறுமையாகத் தொடங்கி, அமைப்புக் கோப்புகளில் எழுதியுள்ளபடி புதிதாக உருவாகிறது. எனவே, நேற்று கையால் மாற்றிய அனுமதி, இரவில் மின்சாரம் போய் வந்ததும் மறைந்துவிடுகிறது. “திருத்தித் தந்தார்கள், மறுநாள் மீண்டும் பழுதாகிவிட்டது” என்று பயனர்கள் நம்பிக்கையிழந்து பேசுவதற்கு இதுவே பலமுறை காரணமாகிறது. மாற்றத்தைச் சேவையின் அமைப்புக் கோப்பிலேயே செய்து, ஒருமுறை இயந்திரத்தை நிறுத்தி எழுப்பிப் பார்த்த பின்னரே வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.

1045 என்ற இலக்கம் வேறு கதை. பயனர் வாசலை எட்டிவிட்டார். உள்ளே இருப்பவர் அவரை ஏற்க மறுக்கிறார். இதைக் கண்டதும் கடவுச்சொல்லை மாற்றுவதே வழக்கமாக இருக்கிறது. அதற்கு முன் இரண்டு காரியங்களைப் பார்க்க வேண்டும். அந்தச் செய்தியின் ஈற்றில் கடவுச்சொல் பயன்படுத்தப்பட்டதா என்பதற்கு ஆம் அல்லது இல்லை என்று குறிப்பிடப்பட்டிருக்கும். இல்லை என்றிருந்தால், பயனர் சரியான கடவுச்சொல்லை அறிந்திருந்தும் அவருடைய மென்பொருள் அதை அனுப்பவே இல்லை. கடவுச்சொல் எழுதியுள்ள அமைப்புக் கோப்பு படிக்கப்படாததும் இதற்குக் காரணமாக இருக்கலாம். ஆம் என்றிருந்தால், கணக்கின் பெயரோடு இணைந்துள்ள இடத்தைப் பார்க்க வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் ஒரு கணக்கு என்பது பெயர் மட்டுமன்று. பெயரும், அவர் எங்கிருந்து வருகிறார் என்பதும் சேர்ந்ததே கணக்கு. தோட்டத்துச் செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் மேற்பிரிவுச் செல்வமும் கீழ்ப்பிரிவுச் செல்வமும் வெவ்வேறு ஆட்களாக, வெவ்வேறு சம்பளக் கணக்கோடு இருப்பதைப் போன்றதே இது. லொக்கல்ஹோஸ்டிலிருந்து, அதாவது சேவையக இயந்திரத்திலிருந்தே, வரும் செல்வத்துக்குக் கணக்கு இருந்து, வலையமைப்பிலுள்ள இன்னொரு கணினியிலிருந்து வரும் செல்வத்துக்கு இல்லாவிட்டால், இரண்டாமவர் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் உள்ளே வர முடியாது.

இதில் பலரையும் திகைக்க வைக்கும் நுணுக்கம் ஒன்றுண்டு. லினக்ஸில் லொக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் இணைப்பு சொக்கெட் வழியே செல்லும், 127.0.0.1 என்று எழுதினால் அதே இயந்திரத்துக்குள்ளேயே வலையமைப்பு வழியாகச் செல்லும். முகவரியிலிருந்து பெயரைத் தேடும் வசதி சேவையகத்தில் நிறுத்தப்பட்டிருந்தால், லொக்கல்ஹோஸ்டுக்கென உருவாக்கிய கணக்கு 127.0.0.1 இலிருந்து வருபவருக்குப் பொருந்தாது. பழைய நிறுவல்களில் பெயரற்ற ஒரு கணக்கும் லொக்கல்ஹோஸ்டில் இருப்பதுண்டு. எந்த இடத்திலிருந்தும் வரலாம் என்று ஒருவருக்குப் பொதுவாக அமைத்த கணக்கைவிட, இடம் துல்லியமாகக் குறிக்கப்பட்ட அந்தப் பெயரற்ற கணக்கையே சேவையகம் முதலில் பொருத்திப் பார்க்கும். அதனால் அவர் தன் பெயரில் வந்தும் பெயரற்றவராகக் கருதப்படுவார். இத்தகைய ஐயம் எழுந்தால், எப்படியேனும் உள்ளே நுழைய முடிந்த ஓர் இணைப்பில் ‘யூசர்’, ‘கரன்ட் யூசர்’ என்ற இரு செயற்கூறுகளையும் கேட்டுப் பார்க்கலாம். முதலாவது, பயனர் தம்மை யார் என்று சொன்னார் என்பதைக் காட்டும். இரண்டாவது, சேவையகம் அவரை எந்தக் கணக்காக ஏற்றது என்பதைக் காட்டும். இரண்டிலும் பயனர் பெயர் வேறுபட்டால் சிக்கல் எங்கே என்று தேட வேண்டியதில்லை.

1130 என்ற இலக்கம், அந்தக் கணினியின் முகவரிக்கு எந்தக் கணக்குமே இல்லை என்பதைக் குறிக்கும். ரவுட்டர் மீண்டும் எழும்போது கணினிகளுக்குப் புதிய முகவரிகளை வழங்கிவிட்டால் இது தோன்றும். சேவையகத்தைப் பயன்படுத்தும் கணினிகளுக்கு நிலையான முகவரியை ஒதுக்கினால் இது ஓயும்.

1044, 1142 ஆகிய இலக்கங்கள் வந்தால் உண்மையில் மகிழ வேண்டும். பயனர் யார் என்பதைச் சேவையகம் ஏற்றுக்கொண்டுவிட்டது. குறிப்பிட்ட தரவுத்தளத்தில் அல்லது குறிப்பிட்ட அட்டவணையில் அவருக்கு உரிமை இல்லை என்பது மட்டுமே எஞ்சிய பிரச்சினை. ‘ஷோ கிராண்ட்ஸ்’ என்னும் கட்டளையை எந்தப் பயனரும் தம் கணக்கில் இயக்கித் தமக்கு என்னென்ன உரிமைகள் உள்ளன என்று பார்க்கலாம். அதற்கு நிர்வாகியின் தயவு தேவையில்லை. இதை எல்லாப் பயனருக்கும் முதல் நாளிலேயே கற்பிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தமக்குப் படிக்கும் உரிமை உண்டு, எழுதும் உரிமை இல்லை என்று தெரிந்துகொண்ட ஒருவர், “அந்த அட்டவணையில் எழுதும் உரிமையை மட்டும் தாருங்கள்” என்று கேட்பார். அப்படித் துல்லியமாகக் கேட்பவருக்கு எல்லா உரிமைகளையும் அள்ளிக் கொடுக்க வேண்டிய தேவை நிர்வாகிக்கும் ஏற்படாது. சந்தா வசூலைப் பதியும் ஒருவருக்குப் படிக்கவும் சேர்க்கவும் திருத்தவும் உரிமை இருந்தால் போதும். அட்டவணையையே நீக்கும் உரிமை அவருக்கு எதற்கு?

உரிமை வழங்கும் கட்டளையில் தரவுத்தளத்தின் பெயரை எழுதும்போதும் அவதானம் வேண்டும். அங்கே அடிக்கோடு என்ற குறி, எந்த ஒரு எழுத்தையும் குறிக்கும் பொதுக்குறியாகக் கொள்ளப்படுகிறது. ஒரே சேவையகத்தில் ஒத்த பெயர்களைக் கொண்ட தரவுத்தளங்கள் பல இருக்கும்போது, அடிக்கோட்டுக்கு முன் பின்சாய்கோடு இடாமல் எழுதிய கட்டளை, பக்கத்து நிறுவனத்தின் தரவுத்தளத்தையும் சேர்த்துத் திறந்துவிடக்கூடும். மைஎஸ்கியூஎல் 8.0 முதல், உரிமை வழங்கும் கட்டளை புதிய கணக்கை உருவாக்காது. கணக்கை முதலில் தனியாக உருவாக்க வேண்டும். பழைய பாடக் குறிப்புகளை வைத்துப் பயில்கிற மாணவர்கள் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள்.

போஸ்ட்கிரெஸ் என்னும் மற்றொரு தரவுத்தள மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு அடிப்படை இதுவே, அமைப்பு வேறு. அங்கே எவர், எங்கிருந்து, எந்தத் தரவுத்தளத்துக்கு, எந்த முறையில் வரலாம் என்பதை ஓர் அனுமதிக் கோப்பு வரிவரியாகக் கூறுகிறது. பொருந்தும் முதல் வரியே எடுத்துக்கொள்ளப்படும், அதில் தோற்றால் அடுத்த வரி பார்க்கப்படுவதில்லை. ஆகவே கோப்பின் அடியில் புதிய வரியொன்றைச் சேர்த்துவிட்டுப் பலன் இல்லையே என்று வருந்துவதில் பொருளில்லை. மேலுள்ள வரிகளையே முதலில் படிக்க வேண்டும், மாற்றியபின் சேவையை அந்தக் கோப்பை மீண்டும் வாசிக்கச் செய்ய வேண்டும். ‘பியர்’ என்ற முறை இருந்தால், இயக்க முறைமையிலுள்ள பெயரும் தரவுத்தளத்திலுள்ள பெயரும் ஒன்றாக இருந்தால்தான் அனுமதி கிடைக்கும். கடவுச்சொல் அங்கே கேட்கப்படுவதே இல்லை. 2022இல் வந்த 15ஆம் பதிப்பு முதல், புதிய தரவுத்தளங்களின் ‘பப்ளிக்’ பகுதியில் எல்லோரும் அட்டவணை உருவாக்கலாம் என்ற பழைய நிலையும் மாறிவிட்டது. பதிப்பை மேம்படுத்தி, புதிதாகத் தரவுத்தளம் உருவாக்கிய பின் மாணவர்கள் அட்டவணை உருவாக்க முடியாமல் நின்றால், அது பழுதல்ல. அவர்களுக்கெனத் தரவுத்தளத்துக்குள் ‘ஸ்கீமா’ எனப்படும் தனித்தனிப் பகுதிகளை உருவாக்கிக் கொடுப்பதே முறை.

777 என்ற பழக்கத்தைப் பற்றி ஒன்று கூறியே ஆக வேண்டும். பாதுகாப்பைக் குலைப்பது ஒருபுறமிருக்க, அது இணைப்பையே முறிக்கக்கூடியது. எவரும் எழுதக்கூடியதாக விடப்பட்ட அமைப்புக் கோப்பை மைஎஸ்கியூஎல் நம்ப மறுத்து, படிக்காமல் விட்டுவிடும். போஸ்ட்கிரெஸும் தன் கடவுச்சொல் கோப்பைப் பிறர் படிக்க முடியுமென்றால் அதைப் புறக்கணிக்கும். உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் 600 என்று அனுமதி இருக்க வேண்டும். அனுமதியைத் திறந்ததால் கடவுச்சொல் படிக்கப்படாமல், அதனால் இணைப்பு மறுக்கப்பட்டு, அதற்காக மேலும் அனுமதி திறக்கப்படும் சுழலில் சிக்கிய நிலையங்களுக்கு நான் உதவச் சென்றிருக்கிறேன். அங்கே கோப்பை மீண்டும் 600 ஆக்கியதும் இணைப்பு வந்துவிட்டது.

இத்தனை நுணுக்கம் சிறிய நிறுவனங்களுக்கு இயலுமா என்ற கேள்வி நியாயமானது. கண்டியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ எப்போதாவது வரும் தொழில்நுட்பவியலாளரை நம்பியிருக்கும் நிலையத்தில், வேலை நின்றுவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் ரூட் கடவுச்சொல்லைக் கொடுக்கிறார்கள். நான் கேட்பதெல்லாம் ஒரு தாள் மட்டுமே. எந்தக் கணக்கு, எந்தக் கணினியிலிருந்து, எந்தத் தரவுத்தளத்துக்கு, என்ன உரிமையோடு என்பதைத் தமிழில் எழுதி, கடவுச்சொற்களைச் சேர்க்காமல், அதைச் சேவையகத்துக்கு அருகில் வையுங்கள். மேலே கூறிய இலக்கங்களின் பொருளையும் அதன் பின்புறத்தில் எழுதி வையுங்கள். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் பயிலும் மாணவர்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். தரவுத்தளம் அவர்களுடைய பாடத்தில் உள்ளது. ரூட் கடவுச்சொல்லை அவர்களிடம் கொடுக்காமலே, ஓர் இணைப்பு எந்த இடத்தில் மறுக்கப்படுகிறது என்று கண்டு சொல்ல அவர்களால் முடியும். தங்கள் பத்திரிகை தன் கல்விப் பக்கத்தில் இந்தப் பிழை இலக்கங்களுக்குத் தமிழ் விளக்கம் வெளியிடுமானால் அது பேருதவியாக அமையும்.

ஏற்கெனவே ரூட் கடவுச்சொல் பலர் கையில் உள்ள நிலையங்கள் அதை உடனே மாற்றிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்படி மாற்றினால் அந்தக் கடவுச்சொல்லை நம்பி இயங்கும் மென்பொருள்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் நின்றுவிடும், அடுத்த நாளே புதிய கடவுச்சொல்லும் எல்லோர் கைக்கும் போய்விடும். முதலில் ஒரு வாரம், தற்போது திறந்திருக்கும் இணைப்புகளின் பட்டியலை ‘ஷோ பிராசஸ்லிஸ்ட்’ கட்டளையால் வேலை நேரங்களில் பார்த்து, ரூட் பெயரில் எந்தெந்தக் கணினிகளிலிருந்து இணைப்பு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனிக் கணக்கு உருவாக்கி, தேவையான உரிமையை மட்டும் வழங்கி, அவரவர் கணினியிலிருந்தே அதைச் சோதித்து மாற்றுங்கள். பட்டியலில் ரூட் பெயர் தோன்றுவது நின்றபின், ரூட் கடவுச்சொல்லை மாற்றி, வலையமைப்பிலிருந்து ரூட் நுழையும் கணக்கை நீக்கி, சேவையகத்தின் முன் அமர்ந்திருப்பவர் மட்டும் பயன்படுத்தும்படி விடுங்கள்.

இங்ஙனம்,
கணினிப் பயிற்றுநர் ஒருவர்,
ஹட்டன்.